எண் ஏறாவிட்டால் சிகிச்சை தோல்வியா?

கடுமையான ஆஸ்துமாவுக்காகப் பிராங்கியல் தெர்மோபிளாஸ்டி செய்துகொண்டவர்களின் வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "ஊதுற டெஸ்ட்ல நம்பர் அப்படியேதான் இருக்கு. செலவழிச்சதெல்லாம் வீண்தானே டாக்டர்?" இல்லவே இல்லை. இந்தப் பேச்சை நோயாளியின் காதில் போட்டு அவரைச் சோர வைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

இந்தச் சிகிச்சையில் பிராங்கோஸ்கோப் வழியாக மெல்லிய குழல் ஒன்றைச் செலுத்தி, 3 முதல் 10 மி.மீ. விட்டமுள்ள மூச்சுக்குழாய்களின் சுவரை ரேடியோ அலை ஆற்றலால் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் 10 நொடி. சில வார இடைவெளியில் மூன்று தவணை. சுவரில் தடித்துப்போன தசை இதனால் குறைகிறது; தூசியோ சளியோ தூண்டும்போது குழாய் இறுகும் வேகமும் தணிகிறது. ஆனால் ஸ்பைரோமீட்டர் காட்டும் எஃப்.இ.வி.1, அதாவது முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்றின் அளவு, நோயாளி அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரத்துக் கணக்கு. அதை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது, மழையில்லாத நாளில் கூரையின் ஒழுக்கைத் தேடுவது போலத்தான்.

2010இல் வெளியான ஏ.ஐ.ஆர்.2 ஆய்வைப் பாருங்கள். 288 பேர். ஒரு பகுதியினருக்குக் குழலைச் செலுத்தியதோடு சரி, சூடு கொடுக்கவில்லை. யாருக்கு எது நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. எஃப்.இ.வி.1இல் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் உண்மையான சிகிச்சை பெற்றவர்களிடம், அதற்குப் பிந்தைய மாதங்களில், கடும் அட்டாக் 32 சதவீதமும், அவசரப் பிரிவுக்கு ஓடுவது 84 சதவீதமும் குறைவு. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவருக்கு எது பெரிது, நீங்களே சொல்லுங்கள்.

சிகிச்சை நடக்கும் வாரங்களில் இளைப்பு கூடும் என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. கூடினால் உடனே மருத்துவரிடம் போங்கள்; ஆனால் அந்த வாரத்து எண்ணை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டதால் "இனி இன்ஹேலரே வேண்டாம்" என்பது ஆபத்தான பொய். ஸ்டீராய்டு இன்ஹேலர் தொடர வேண்டும். "ஆஸ்துமா இருக்கிற எல்லாரும் செய்துகொள்ளலாம்" என்பதும் தவறு. முறையான பதிவேட்டுக்கோ ஆய்வுக்கோ உட்பட்டுத் தேர்ந்த சிலருக்கு மட்டுமே என்று ஜினா என்கிற உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்லிவந்தது. "பீக் ஃப்ளோ மீட்டர் போதும், ஸ்பைரோமெட்ரி எதற்கு?" போதாது. வீட்டில் அன்றாட ஏற்ற இறக்கம் பார்க்க அது உதவும், அவ்வளவுதான்.

எனக்கு உண்மையில் ஆத்திரமூட்டுவது, அந்த எஃப்.இ.வி.1 எண்ணையே ஒழுங்காக எடுக்காதது. ஒருமுறை ஊத வைத்து ரிப்போர்ட்டை நீட்டிவிடுகிறார்கள். சரியான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் சிறந்த இரண்டுக்கும் இடையில் வேறுபாடு 150 மி.லி.க்குள் இருக்க வேண்டும். காலையில் பஃப் எடுத்துவிட்டு ஊதியதையும், எடுக்காமல் ஊதியதையும் ஒப்பிட்டால் என்ன தெரியும்? சிகிச்சைக்கு முன்னும் பின்னும் முடிந்தவரை அதே கருவி, அதே நேரம் வேண்டும். கடைசியாக எப்போது பஃப் எடுத்தீர்கள் என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊதல்களின் வளைகோடுகள் இல்லாத ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு, ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிய நாட்களையும் அவசரப் பிரிவுக்குப் போன தேதிகளையும் குறித்த நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.