டிக்கெட்டுக்கு முன் பள்ளிக்கூடம்



அன்பான பெற்றோர்களே!

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தம் மகனோடு நம்மிடம் வந்தார். கணவருக்கு துபாயில் வேலை. குடும்ப விசா கிடைத்த மகிழ்ச்சியில், ஒன்பதாம் வகுப்பு முடித்த மகனுக்கு இங்குள்ள ஸ்டேட் போர்டு பள்ளியில் டி.சி. வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள். அங்கே எந்த இந்தியப் பள்ளியிலும் பத்தாம் வகுப்பில் இடம் தரவில்லை. இரண்டு மாதம் பையன் வீட்டிலேயே இருந்தான். கடைசியில் தாயும் மகனும் திரும்பி வந்து, பழைய பள்ளியிலேயே கேட்டுச் சேர்ந்தார்கள். அத்தா மட்டும் அங்கே தனியாக இருக்கிறார்.

உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர், மேட்டுப்பாளையம் என்று நம் பகுதிகளிலிருந்து வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் உண்டு. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் பத்துப் பேரிடம் விசாரிக்கிறோம். பள்ளிக்கூடத்தை மட்டும் "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் நம்மிடம் உள்ள அமானத். அவர்களுடைய ஓர் ஆண்டு வீணாகாமல் இருக்க, புறப்படும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

1. எந்த வகுப்பில் போவது?

வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் நடக்கின்றன. சி.பி.எஸ்.இ.யில் 9, 10 இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. 11, 12 வகுப்புகளும் அப்படியே. ஒன்பதாம் வகுப்பிலேயே பெயர் பதிவாகிவிடும். ஆகவே ஸ்டேட் போர்டில் ஒன்பது படித்த பிள்ளை நேராகப் பத்தில் சேர முடியாது. இங்கேயே சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பது முடித்திருந்தால், பெற்றோர் இடமாற்றத்தைக் காட்டி வாரிய அனுமதியோடு சேர வழி உண்டு.

எனவே எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதில் சேர்வது, அல்லது பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதி பதினொன்றில் சேர்வது, இந்த இரண்டுமே பாதுகாப்பான சமயங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு வயதைப் பாருங்கள். நம் ஊரில் 5 வயது நிறைந்தால் முதல் வகுப்பு. அமீரகத்தில் ஏப்ரலில் தொடங்கும் பள்ளிகளில் மார்ச் 31க்குள் 6 வயது நிறைய வேண்டும்.

2. எப்போது விண்ணப்பிப்பது?

நமக்கு ஜூனில் பள்ளி திறக்கும். அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே புது வகுப்பு தொடங்கிவிடும். சேர்க்கைப் பதிவு அதற்குச் சில மாதங்கள் முன்பே நடக்கும். ஆண்டுத் தேர்வு முடிந்து மே மாதம் போய் இறங்கினால், நல்ல பள்ளிகளில் இடம் நிரம்பியிருக்கும்.

3. செலவு எவ்வளவு?

அங்கே நம் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி கிடைக்கும் என்று எண்ணி யாரும் போக வேண்டாம். கட்டணம், பஸ், புத்தகம், சீருடை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துச் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும். இந்தியச் சமூகத்தினருக்காக நடக்கும் பள்ளிகளில் முதலில் விசாரியுங்கள். பஹ்ரைன் இந்தியப் பள்ளி 1950லும், ஜித்தா பன்னாட்டு இந்தியப் பள்ளி 1969லும், மஸ்கட் இந்தியப் பள்ளி 1975லும் தொடங்கப்பட்டவை. துபாயில் கே.எச்.டி.ஏ. என்ற அரசு ஆணையம் தனியார் பள்ளிகளின் தர மதிப்பீட்டையும் கட்டணத்தையும் வெளியிடுகிறது. தரகர் சொல்வதை நம்பும் முன் அதைப் பாருங்கள்.

சவூதியில் உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். 2017 ஜூலையில் மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய இது, 2020 ஜூலையில் 400 ரியால் ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 1,200 ரியால், ஆண்டுக்கு 14,400 ரியால். பள்ளிக் கட்டணம் இதற்கு மேல்தான்.

4. மொழிப் பாடங்கள்

அமீரகத்தில் தனியார் பள்ளிகளிலும் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வியும் கட்டாயம். மக்தபில் குர்ஆன் ஓதிய பிள்ளைக்கு எழுத்து தெரியும், ஆனால் பொருளும் இலக்கணமும் புதிது. இந்தியும் பல பிள்ளைகளுக்குப் புதிதாக இருக்கும். போகுமுன் சில மாதங்கள் பழக்கிவிடுவது நல்லது.

தமிழை விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பாடம் உள்ள பள்ளியா என்று கேளுங்கள். இல்லையென்றால் வீட்டில் தாய்மார்கள் எழுதவும் படிக்கவும் வையுங்கள். 2006ஆம் ஆண்டு சட்டப்படி தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். திரும்பி வரும் பிள்ளைகள் அதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

5. திரும்பி வரும் நாள்

வேலை எப்போது முடியும் என்பது நம் கையில் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் 6 முதல் 12 வரையிலான படிப்பைப் பார்த்துத்தான் கிடைக்கிறது. நடுவில் இரண்டு ஆண்டு வெளிநாட்டில் படித்தால் இந்த உரிமைகள் போய்விடும். நன்றாகப் படிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளையை அழைத்துப் போகும் முன் இதை நிதானமாக யோசியுங்கள்.

8 முதல் 12 வரை வெளியே படித்துவிட்டு இங்கே பொறியியல் கலந்தாய்வுக்கு வருபவர்களுக்கு, நேட்டிவிட்டி எனப்படும் பிறப்பிடச் சான்றிதழ் தேவை. முஸ்லிம்களுக்கான 3.5 சதவீத இடஒதுக்கீட்டிற்கு பி.சி.எம். சாதிச் சான்றிதழ் வேண்டும். ஊரில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

6. ஆவணங்கள்

முஹம்மது என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட், பள்ளிப் பதிவேடு எல்லாவற்றிலும் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இனிஷியல் விரிவும் அப்படியே. பள்ளிப் பதிவேட்டைத் திருத்துவது, பிள்ளை அங்கே படிக்கும்போதே சுலபம்.

டி.சி.யில் அரசு அத்தாட்சி வேண்டும். பஹ்ரைன், ஓமன், 2022 டிசம்பர் முதல் சவூதி ஆகிய நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் முத்திரை செல்லும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்நாட்டுத் தூதரக முத்திரையும் கேட்பார்கள். சேரப்போகும் பள்ளியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: அங்குள்ள பள்ளி இடம் உறுதி என்று எழுத்தில் தரும் வரை, இங்கே டி.சி. வாங்காதீர்கள்.

மகனோ மகளோ பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ இருந்தால், தேர்வு முடியும் வரை குடும்பம் ஊரிலேயே இருப்பதில் தவறில்லை. பிரிந்திருப்பது அத்தாவுக்கும் அம்மாவுக்கும் கஷ்டம்தான். அந்த ஓராண்டுப் பொறுமை பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும். சந்தேகம் இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலோடு நம் அலுவலகத்திற்கு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அவர்களுக்குத் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.