நாணயத்தாளின் தொடரிலக்கம்

ஒரே பெறுமதியுள்ள நாணயத்தாள்கள் உருவில் ஒத்திருப்பினும், தொடரிலக்கத்தால் ஒவ்வொன்றும் தனியானதே. கணக்கின் பொருட்டு எழுந்த அவ்விலக்கம் சேகரிப்போரின் வேட்கைக்கும் காரணமாயிற்று. 000001, 777777 என்பவற்றையும், இந்தியாவில் 786 என முடிவனவற்றையும் முகப்பெறுமதிக்கு மேலும் கொடுத்து வாங்குவர். கடையில் அவை பெறுவது முகப்பெறுமதியே என்பதை வாங்குவோர் மறத்தலாகாது.

எமக்குச் சுவையாகத் தோன்றுவது உடுக்குறித் தாளே. அச்சிற் பழுதான தாளின் இலக்கத்தையே மீண்டும் அச்சிடுதல் வீண் தொல்லை. ஆதலின் நூறு தாள் கொண்ட கட்டில், அதற்கீடாக உடுக்குறியிட்ட வேறிலக்கத் தாளொன்றைச் சேர்ப்பர். அமெரிக்காவில் நெடுங்காலம் வழங்கிய இம்முறையை இந்திய ரிசர்வ் வங்கி 2006 இல் 10, 20, 50 ரூபாய்த் தாள்களுக்குக் கைக்கொண்டது. குறியைக் கண்டு கள்ளத்தாளென்று ஐயுற்றோரும் உளர்; அவையும் செல்லுபடியானவையே என 2023 இல் அவ்வங்கி அறிவிக்க நேர்ந்தது.