ஃபெடரர் சட்டை மாற்றியபோது

2018 ஜூலை 2. விம்பிள்டன் மைய அரங்கில் நடப்பு வெற்றியாளர் ரோஜர் ஃபெடரர் முதல் சுற்று ஆட வந்தார். அங்கே எல்லாரும் வெள்ளை உடைதான் போட வேண்டும், பழைய விதி. அதனால் சின்ன மாற்றம்கூட உடனே கண்ணில் படும். அன்று பட்டது, மார்பில் ஒரு சிவப்புச் சதுரம். இருபது ஆண்டுக்கு மேல் அவரோடு இருந்த நைக்கியின் குறியைக் காணோம். பேரங்காடிக்குப் போனால் நாம் சாதாரண டி-சட்டை வாங்குவோமே, அதே யுனிக்லோ!

டென்னிஸ் பார்க்காதவர்களும் இதைக் கொஞ்சம் கவனிங்க, நண்பர்களே. வேலைக்குப் போகப்போகிற எல்லாருக்கும் இந்தக் கணக்கு ஒரு நாள் வரும்.

நைக்கி ஒப்பந்தம் அந்த ஆண்டு மார்ச் மாதம் முடிந்தது. ஃபெடரருக்கு வயது 36. ஜனவரியில்தான் ஆஸ்திரேலியப் பொது விருதை வென்று, 20ஆவது கிராண்ட் ஸ்லாம் பட்டத்தை எடுத்திருந்தார். அப்படிப்பட்டவரை ஏன் விட்டார்கள்?

பொறியியல் மாணவர்கள் தேய்மானம் என்று ஒரு பாடம் படிப்போம். ஓர் இயந்திரம் எத்தனை ஆண்டு ஓடும், வருடா வருடம் அதன் மதிப்பு எவ்வளவு குறையும், கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டால் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடுவோம். விளையாட்டு உடை விற்கும் நிறுவனத்துக்கு ஆட்டக்காரரின் ஆயுள், அவர் மட்டையைக் கீழே வைக்கும் நாள் வரைக்கும்தான். 36 வயது என்றால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே சொல்லுங்க.

யுனிக்லோவின் கணக்கு வேறு. பத்து ஆண்டு, ஏறக்குறைய 300 மில்லியன் அமெரிக்க டாலர் என்று ஊடகங்கள் எழுதின. ஃபெடரர் நடுவில் ஓய்வு பெற்றாலும் ஒப்பந்தம் தொடரும். சிலர் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஜப்பானிய நிறுவனம் விற்பது அன்றாடம் போடும் உடை. அலுவலகம் போகிறவரும் வாங்குவார், தாத்தாவும் வாங்குவார். 45 வயது ஃபெடரர் அந்தச் சட்டையைப் போட்டு நின்றாலும் வியாபாரம் நடக்கும். ஆள் ஒன்றுதான், வயதும் ஒன்றுதான். வாங்குபவரின் தேவை மாறியதும் விலையும் மாறிவிட்டது.

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பணம் இல்லை, அந்த ‘ஆர்எஃப்’ சின்னம். ரசிகர்கள் தொப்பியில் போட்டுக்கொண்டு திரிந்தார்களே, அது அவருடைய சொந்தப் பெயரின் முதலெழுத்துகள். ஆனால் சின்னத்தின் உரிமை நைக்கியிடம் இருந்தது. ஃபெடரர் வெளியே வந்தார், அவர் பெயரெழுத்து உள்ளேயே தங்கிவிட்டது! 2020இல்தான் அது அவர் கைக்கு வந்தது. உலகப் புகழ், பக்கத்தில் நல்ல வழக்கறிஞர்கள், எல்லாம் இருந்தவருக்கே இந்த நிலை. தொழிற்பயிற்சிக்கோ முதல் வேலைக்கோ கையெழுத்துப் போடும்போது நாம் சம்பள வரியை மட்டும் பார்க்கிறோம். நாம் வரைந்த வடிவமைப்பு, எழுதிய நிரல், நம் பெயரில் வரும் படைப்பு இதெல்லாம் வேலையை விட்ட பிறகு யாருக்குச் சொந்தம் என்ற பத்தியையும் தேடிப் படிங்க. புரியாவிட்டால் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆண்டி மரே கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். 2019 ஜனவரியில் அவருக்கு இடுப்பு மூட்டில் உலோகம் வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. இனி ஆடுவாரா என்றே சந்தேகம். அந்த ஆண்டு அவர் சேர்ந்தது கஸ்டோர் என்ற சிறிய பிரிட்டிஷ் நிறுவனத்தில். உடையை மட்டும் போட்டுக்கொள்ளாமல் அதில் பங்குதாரராகவும் ஆனார்.

ஃபெடரரும் காலணி விஷயத்தில் அந்த வழிக்குத்தான் போனார். யுனிக்லோ விளையாட்டுக் காலணி செய்வதில்லை. அதனால் அந்த விம்பிள்டனில் உடம்பில் யுனிக்லோ, காலில் நைக்கி! காலுக்கு உடனே யாரிடமும் அவர் ஒப்பந்தம் போடவில்லை. 2019இல் ‘ஆன்’ என்ற சுவிஸ் காலணி நிறுவனத்தில் தன் பணத்தைப் போட்டு முதலீட்டாளராகச் சேர்ந்தார். காலணி வடிவமைப்பிலும் அவர் பங்கு இருந்தது. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் நியூயார்க் பங்குச் சந்தைக்குப் போனது.

யுனிக்லோ உடையில் அவருக்கு ஒரு கிராண்ட் ஸ்லாம்கூடக் கிடைக்கவில்லை. 2019 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் இரண்டு வெற்றிப் புள்ளிகள் கையில் இருந்தும் ஜோகோவிச்சிடம் தோற்றார். பிறகு முழங்கால் சிகிச்சைகள். 2022 செப்டம்பரில் லண்டனில் கடைசி ஆட்டம் ஆடி விடைபெற்றபோது அவருக்கு 41 வயது. யுனிக்லோவோடு போட்ட பத்து ஆண்டில் பாதிகூட அப்போது முடிந்திருக்கவில்லை.