பந்தயத் தேரின் அமைச்சன்

தேருக்குப் பாகன் இன்றியமையாதவன். ஆயினும், இக்காலப் பந்தயக் காரில் பாகனேயன்றிக் கண்ணிற்படாது தொழில் புரியும் அமைச்சன் ஒருவனும் உளன். எஞ்சினுக்கு அருகே ஒடுங்கியிருக்கும் சிறு பெட்டியே அவன். ‘எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி’ என்பது அதன் பெயர். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை இப்பாடத்திற் காண்போம்.

கல்லூரி மாணவர் தாமே வடிவமைத்துக் கட்டிய சிறு பந்தயக் கார்களைக் கொணர்ந்து போட்டியிடும் வழக்கம், 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டில் தோன்றியது. ‘பார்முலா எஸ்.ஏ.இ.’ என்பது அப்போட்டியின் பெயர். 1998-ஆம் ஆண்டில் இத்தகைய போட்டி இங்கிலாந்திலும் தொடங்கிற்று. நம் நாட்டில் ‘பார்முலா பாரத்’ என்னும் போட்டி, 2019-ஆம் ஆண்டில் கோயம்புத்தூர்க் காரி பந்தயத் தடத்தில் நடைபெற்றது. பார்முலா எஸ்.ஏ.இ. போட்டியின் மொத்த மதிப்பெண் 1000. அவற்றுள் 275 மதிப்பெண், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளும் நெடிய ஓட்டத்திற்கு உரியன.

பல குழுவினர் 600 கன சென்டிமீட்டர் அளவுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினைக் காரிற் பொருத்துவர். அதனுடன் வந்த பழைய கட்டுப்பாட்டுக் கருவியே போதாதோ எனின், பெரும்பாலும் போதாது. பெட்ரோல் எஞ்சினுக்குச் செல்லும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே வாயின் வழியே புகவேண்டும் என்பது போட்டி விதி. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுபவனைப் போன்றது அவ்வெஞ்சின். தாராளமாகக் காற்று வரும் எனக் கருதித் தொழிற்சாலையில் எழுதப்பட்ட கணக்கு, இங்குப் பிழைபடுகின்றது. அக்கணக்கைத் திருத்தி எழுத இடந்தரும் கருவியே வேண்டுவது.

அக்கருவி செய்வது யாது? அரசனுக்கு ஒற்றர் செய்தி கொணர்தல் போல, உணரிகள் அதற்குச் செய்தி கொணர்கின்றன. ஒன்று பற்சக்கரத்தை நோக்கிக் கிராங்குத் தண்டின் நிலையைக் கூறும். மற்றொன்று உட்புகும் காற்றின் அழுத்தத்தைக் கூறும். பிற, வெப்பத்தையும் முடுக்கியின் நிலையையும் கூறும். இவற்றை ஒருங்கே ஆராய்ந்து, எவ்வளவு பெட்ரோல் பீச்சுவது, எக்கணத்தில் தீப்பொறி எழுப்புவது என அது முடிவு செய்யும். பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். நிமிடத்திற்கு 12,000 முறை சுழலும் எஞ்சினில் ஒரு சுற்றுக்குரிய காலம், ஒரு நொடியை 200 கூறாக்கினால் அதில் ஒரு கூறேயாம்! அதற்குள் பிழையின்றி முடிவு செய்தல் வேண்டும்.

இனித் தேர்வுக்கு வருவோம். ‘மெகாஸ்குவிர்ட்’ போன்றவற்றை உறுப்புகளாக வாங்கித் தாமே பற்றவைத்து ஒன்றுசேர்க்கலாம். செலவு குறைவு, உழைப்பு மிகுதி. ஆஸ்திரேலிய நாட்டு ‘மோட்டெக்’ போன்றவை பந்தயத்திற்கென்றே செய்யப்பட்டவை, விலை மிகுந்தவை. விரலுக்குத் தக்க வீக்கம் என்பதை மறவாது, மாணவர் சில வினாக்களைத் தம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும். நம் எஞ்சினின் பற்சக்கரத்தை இக்கருவி பிழையறப் படிக்குமா? சிலிண்டர்கள் அனைத்திற்கும் வேண்டிய இணைப்புகள் இதில் உளவா? அதிர்வையும் ஈரத்தையும் தாங்குமா? ஓட்டத்தில் நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்யுமா? இவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு: இதனை நம்மில் யார் முற்றும் அறிவர்?

இவ்வினாவின் அருமை நெடிய ஓட்டத்தில் விளங்கும். பாதி வழியில் எஞ்சினை நிறுத்தி, ஓட்டுநர் மாறுதல் வேண்டும். கொதிக்கும் எஞ்சினை மீண்டும் கிளப்பல் எளிதன்று. குளிர்ந்த எஞ்சினுக்கு எழுதிய கணக்கு அப்பொழுது பயன்படாது. மின்கலம் தளர்ந்திருப்பின் பீச்சி திறக்கவும் தாமதிக்கும். இவற்றையெல்லாம் முன்னரே சோதித்துத் திருத்தியவர் காரே மீண்டும் புறப்படும். ஏனையோர் கார் நின்றவிடத்தே நிற்கும்; ஓராண்டு உழைப்பும் அதனோடு நின்றுவிடும். அப்பொழுது கருவியின் விலை எவ்வாறு துணைசெய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதன்றோ!

மேலும், கருவியை அறிந்த மூத்த மாணவர் படிப்பு முடிந்து செல்வர். தாம் கற்றவற்றை எழுதிவைத்து இளையோருக்குக் கற்பித்தாலன்றி, அடுத்த ஆண்டில் அப்பெட்டி வாய்பேசாப் பெட்டியே. வடிவமைப்பை மதிப்பிடும் நடுவரும், “இதனை ஏன் தேர்ந்தீர்?” என்றே வினவுவர். “பிறர் வாங்கினர், யாமும் வாங்கினோம்” என்பது விடையாகாது.

மாணவர்காள்! கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதனை ஆள்பவர் அறிவின் அளவே அது பயன்படும். நாம் அறியவும், திருத்தவும், பிறர்க்கு உரைக்கவும் வல்லதனையே தேர்ந்து கொள்ளுதல் அறிவுடைமையாம்.