பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கிறது, வைஃபையைப் பாருங்கள்

சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தே சேலை வியாபாரம் பார்ப்பவருக்கும், திண்டுக்கல்லில் பூட்டு ஆர்டர் எடுப்பவருக்கும் காகிதம் இல்லாமல் பொழுது ஓடாது. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் சரக்கு அனுப்பினால் பில் மூன்று பிரதி வேண்டும்: வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினால் பாதி நாள் அதிலேயே போய்விடும். வீட்டில் ஒரு வைஃபை பிரிண்டர் இருந்தால் கம்ப்யூட்டர், லேப்டாப், போன் எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும்.

எதை வாங்குவது? கறுப்பு வெள்ளை பில் மட்டும்தான் என்றால் லேசர். மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடாது. கலரும் வேண்டுமென்றால் இங்க் டேங்க். ஆனால் வாரம் ஒரு கலர் பக்கமாவது எடுங்கள். நம்மூர் சித்திரை வெயிலில் மை காய்ந்து அடைத்துக்கொண்டால் சர்வீஸ் செலவு தனி.

இனி இணைப்பு. அது கிடைக்காவிட்டால் பலரும் பிரிண்டரைத் திட்டுவார்கள். ஆனால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டரில் இருக்கும். ரவுட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தரும். வீட்டு பிரிண்டர்களில் பல 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். சில ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் குழப்பம். ரவுட்டர் செட்டிங்கில் பெயரைப் பிரித்து, 2.4-இல் பிரிண்டரைச் சேருங்கள். சுவர் தாண்டிப் போவதிலும் அதுதான் கெட்டி. கனமான சுவர் உள்ள பழைய வீடுகளில் 5 தடுமாறும்.

ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால் வேலை சுலபம்: அதை அழுத்திவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரின் வைஃபை பொத்தானையும் அழுத்துங்கள். சில மாடல்களில் அதை விளக்கு மினுக்கும்வரை பிடித்திருக்க வேண்டும். பொத்தான் இல்லையா, கம்பெனியின் ஆப்பைப் போனில் போடுங்கள். அது கேட்கும் லொகேஷன் அனுமதியைக் கொடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இல்லாமல் வைஃபையைத் தேட முடியாது. அந்த நேரம் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். பிரிண்டர் தற்காலிகமாகத் தரும் வைஃபையில் இன்டர்நெட் இருக்காது. டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் போன் பாதியிலேயே அந்தப் பக்கம் தாவிவிடும், செட்டப் அங்கேயே நிற்கும். எத்தனை பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு பிரிண்டரைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியிருப்பார்களோ!

பிறகு கம்ப்யூட்டர், லேப்டாப், போனையும் அதே ரவுட்டரில் இணையுங்கள். விருந்தாளிகளுக்கான கெஸ்ட் வைஃபை வேண்டாம், அதிலிருந்து பிரிண்டர் பெரும்பாலும் கண்ணில் படாது. விண்டோஸில் செட்டிங்ஸ் போய், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸில் ஆட் டிவைஸ் கொடுங்கள். ஐபோனில் 2010-லிருந்தே ஏர்பிரிண்ட் இருக்கிறது; பிரிண்டரும் அதற்கு ஏற்றதாக இருந்தால் தனி ஆப் தேவையில்லை. ஆண்ட்ராய்டு 8-லிருந்து பிரிண்ட் சேவை போனிலேயே வருகிறது. முதல் பக்கம் அடிக்குமுன் காகித அளவைப் பாருங்கள்: லெட்டர் என்று இருந்தால் ஏ4 ஆக்குங்கள், இல்லையேல் பில்லின் அடிவரி வெட்டுப்படலாம்.

கரன்ட் போய் வந்ததும் ‘ஆஃப்லைன்’ என்கிறதா? ரவுட்டர் மறுபடி உயிர் பெறும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். கம்ப்யூட்டரோ பழைய முகவரியில் தேடும். ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் பகுதிக்குப் போய் பிரிண்டருக்கு ஒரே முகவரியை நிலையாகக் கொடுத்துவிடுங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

டிரைவரைக் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். கூகுளில் கிடைக்கும் ‘பிரிண்டர் கஸ்டமர் கேர்’ எண்களில் போலிகள் உண்டு. அதில் பேசுபவர் கம்ப்யூட்டரைத் தன் கட்டுப்பாட்டில் தரச் சொன்னாலோ, பத்து ரூபாய் அனுப்பச் சொன்னாலோ போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.