முதலில் ரோடு யாருடையது என்று கேளுங்கள்

ஊராட்சி மன்றத்துக்குத் திட்டத்தோடு போகிற நம் இளைஞர்கள் பெரும்பாலும் கஷ்டத்தைத்தான் எழுதிக்கொண்டு போகிறார்கள். லயத்தில் விளக்கு எரியவில்லை, ரோடு குண்டும் குழியும், பிள்ளைகளுக்குத் திடல் இல்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் மன்றத்தின் வரவுசெலவுப் புத்தகத்தில் கஷ்டத்துக்கென்று ஒரு கணக்கு கிடையாது.

அரசு சாரா அமைப்பில் திட்டம் பார்ப்பவர், சட்டமன்ற உறுப்பினரின் சிறப்பு அதிகாரி, கம்பெனியின் சமூகநலப் பிரிவில் இருப்பவர், புதிதாக நியமனமான கவுன்சிலர் ஆகிய எல்லாருக்கும் வேலை ஒன்றுதான். மன்றத்துக் காசையும் வெளிக்காசையும் ஒரே திட்டத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். எந்த மன்றத்துக்குப் போக வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பேராக்கில் 15 ஊராட்சி மன்றங்கள். ஈப்போ மாநகர் மன்றம் அதில் பெரிய வீடு. சுங்கை சிப்புட்டுக்காரர் கோலாகங்சார் நகராண்மைக் கழகத்துக்குத்தான் போக வேண்டும். வாசல் மாறிப் போய் நின்றவர்கள் உண்டு.

மன்றத்துக்கு எங்கிருந்து காசு வருகிறது? பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நாம் கட்டும் சுக்கை பிந்து என்ற வீட்டு வரி, லைசென்ஸ் கட்டணம், வாடகை, கார் நிறுத்தக் கட்டணம், மேலிருந்து வரும் மானியம். 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, கடன் வாங்கவும் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். குப்பைக்கும் கால்வாய்க்கும் சம்பளத்துக்கும் போக மிச்சம் சொற்பம். அதனால்தான் புதிதாக எதைக் கேட்டாலும் “கூட யார் போடுகிறார்கள்?” என்ற கேள்வி வருகிறது.

நான் எழுதிய முதல் கெர்த்தாஸ் கெர்ஜா, அதாவது திட்ட அறிக்கை, முப்பது பக்கம். படங்கள் வேறு. ஒரு மன்றத்திலிருந்து அது திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலில் இரண்டே சொல்: ‘ஜாலான் பெர்செண்டிரியான்’. தனியார் சாலை. முப்பது பக்கமும் அதோடு படுத்துக்கொண்டது.

பழைய தோட்டங்களின் முடிச்சு இதுதான். தோட்டத்து ரோட்டைப் போட்டது தோட்ட நிர்வாகம். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது, ஆனால் ரோடு தனியார் பெயரிலேயே நின்றுவிட்டது. சாலைப் பராமரிப்புக்கு மத்திய அரசு தரும் மானியம் மாரிஸ் என்ற பதிவேட்டை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதில் ஏறாத ரோட்டுக்குக் காசு வராது. மன்றத்து அதிகாரி நல்லவராகவே இருந்தாலும், தனியார் நிலத்தில் தார் ஊற்றினால் கணக்காய்வில் அவர்தான் மாட்டுவார்.

ஆகவே முதல் வேலை நில அலுவலகத்தில். லாட் எண்ணைச் சொல்லிக் கட்டணம் கட்டினால் உரிமையாளர் விவரத்தை யாரும் பார்க்கலாம். உரிமையாளர் தெரிந்ததும், ரோட்டுப் பகுதியை மாநிலத்திடம் ஒப்படைக்கச் சம்மதக் கடிதம் கேளுங்கள். சும்மா கேட்டால் தரமாட்டார். அவர் அங்கே தாமானோ தொழிற்சாலையோ கட்டத் திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது கேளுங்கள். அனுமதியோடு நிபந்தனை விதிக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மாவட்ட வரைவுத் திட்டம் பொதுப் பார்வைக்கு வரும்போதும் கருத்துச் சொல்லக் குறைந்தது நான்கு வாரம் அவகாசம் இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் நம்மவர்களை அங்கே காண்பது அபூர்வம்.

அடுத்தது பங்காளி. ஒவ்வொருவர் பையும் ஒவ்வொரு செலவுக்குத்தான் திறக்கும். இந்தியச் சமுதாய உருமாற்றுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்பட்டு வருகிறது. பயிற்சி, கல்வி என்று அதில் கேளுங்கள், தாருக்குக் கேட்காதீர்கள். சிறுவியாபாரக் கடனுக்குத் தெக்குன். மன்றம் ரொக்கம் தராவிட்டாலும் கடை லாட், லைசென்ஸ், மண்டபம் என்று இடமாகத் தரும். இதை நம்மவர்கள் காசாகவே எண்ணுவதில்லை. தோசைக்கடை போடும் பெண்ணுக்கு மன்றத்தின் லாட்டும் தெக்குன் கடனும் மித்ரா பயிற்சியும் சேர்ந்தால் அதுவே ஒரு முழுக் கூட்டுத் திட்டம்.

மக்களின் பங்கு எவ்வளவு சிறிதானாலும் முதல் பக்கத்தில் இருக்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். பால்மரம் வெட்டியவர்களின் அந்தப் பத்து வெள்ளியில்தான் சங்கம் தோட்டங்களை வாங்கியது. பினாங்கில் 2009இல் 2 கோடி ரிங்கிட்டோடு வந்த ஜார்ஜ்டவுன் மானியத் திட்டத்திலும், கடைவீட்டைச் சீர்செய்ய விரும்பிய உரிமையாளர் தன் கையிலிருந்தும் போட வேண்டியிருந்தது.

கட்டுவதற்கு ஆள் கிடைப்பார்கள், நடத்துவதற்குத்தான் கிடைக்கமாட்டார்கள். ஈப்போ மெரு ராயாவில், மாநில அரசு சார்ந்த நிறுவனமும் தனியார் பங்காளியும் சேர்ந்து ஏறக்குறைய 52 கோடி ரிங்கிட்டில் கட்டிய மேப்ஸ் கேளிக்கைப் பூங்கா 2017 ஜூனில் திறந்தது, 2020 ஜனவரியில் மூடியது. நம் திட்டம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, கேள்வி மட்டும் அதேதான்: மூன்றாம் வருஷத்துக் கரண்ட் பில்லை யார் கட்டுவது? அந்த வரி இல்லாத அறிக்கையை நான் இப்போது யாருக்கும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை.

மன்றத்தின் அடுத்த ஆண்டு வரவுசெலவு இந்த ஆண்டு முடிவதற்குள் நிறைவேறியாக வேண்டும். தீபாவளிக்குப் பிறகு மனு கொடுத்துவிட்டு ஜனவரியில் காசை எதிர்பார்க்காதீர்கள். வருஷத்தின் முதல் பாதியிலேயே உங்கள் வட்டாரக் கவுன்சிலரைப் பாருங்கள். 1965இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து அவர் நம் ஓட்டில் வந்தவர் அல்ல, மாநில அரசு நியமித்தவர். நாம் போய்ப் பார்த்தால்தான் நம்மை அவருக்குத் தெரியும். கையில் மூன்றே தாள், நல்ல மலாயில்: நிலத்தின் நிலவரம், யார் எவ்வளவு போடுகிறார்கள், பராமரிப்பு யாருடையது.

முப்பது பக்கத்தை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். நாளைக் காலை நில அலுவலகத்துக்குப் போய் அந்த லாட்டின் விவரத்தை வாங்கி வாருங்கள்.