டிக்லிபூர் போகும் பை
(சிக்கனமான படப்பயணத்துக்கு ஒரு பாடம்)

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் இரண்டே பேச்சுதான். சென்னைக்குக் கப்பலா, விமானமா என்பது ஒன்று. இந்த வருடம் ஊருக்குப் போகக் கட்டுபடியாகாது, பிள்ளைகளை வேறு எங்கே கூட்டிப்போவது என்பது மற்றொன்று. இரண்டாவது பேச்சு நடக்கும் வீடுகளுக்காகவே இப்பாடம்.

பாம்பூஃப்ளாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் மெரினாவைப் பார்த்திருக்கிறார்கள், டிக்லிபூரைப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு காமிராவாவது, காமிரா உள்ள கைபேசியாவது இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு நம் தீவையே சாலைவழியாகப் பார்த்து வரலாம். அதற்கு முன்னேற்பாடு எப்படி என்று பார்ப்போம்.

1. வழி

அந்தமான் நெடுஞ்சாலை தெற்கிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை சுமார் 330 கிலோமீட்டர் செல்கிறது. நாம் ஃபெரார்கஞ்ச் போய் அச்சாலையைப் பிடிக்க வேண்டும். அடுத்து ஜிர்காடாங் சோதனைச் சாவடி, ஜாரவா காப்பகம், நீரிணையைக் கடந்தால் பாராடாங், பிறகு கதம்தலா, ரங்கட், மாயாபந்தர், டிக்லிபூர். மத்திய அந்தமானையும் வட அந்தமானையும் இணைக்கும் செங்கப்பா பாலம் 2002-இல் திறக்கப்பட்டதால் அந்த இடத்தில் படகுக்குக் காத்திருக்கும் வேலை இல்லை.

படத்துக்கு உரிய இடங்களை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பாராடாங்கில் சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகையும். ரங்கட் பக்கம் தானி நாலா அலையாத்திக் காடும் ஆம்குஞ்ச் கடற்கரையும். மாயாபந்தரில் கர்மாடாங் கடற்கரை. டிக்லிபூரில் மணல்திட்டால் இணைந்த ராஸ், ஸ்மித் தீவுகள், 732 மீட்டர் உயரமுள்ள சாடில் சிகரம். எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் பார்க்க ஆசைப்பட வேண்டாம். நான்கு நாளைக்கு நான்கு இடம் போதும்.

2. வெளிச்சம்

இந்திய நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. நாமோ ஏறக்குறைய 93 பாகையில் இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். எனவே கடிகாரத்தைவிட நம் சூரியன் சுமார் 40 நிமிடம் முந்திக்கொள்கிறான். சென்னையோடு ஒப்பிட்டால் சுமார் 50 நிமிடம்.

இதனால் படமெடுப்பவருக்கு என்ன? ஊரில் ஐந்தரை மணிக்குப் பிடிக்கும் மாலை வெளிச்சம் இங்கே நாலரை மணிக்கே வந்துவிடும். குளிர்காலத்தில் ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஆகவே நான்கு மணிக்குள் தங்குமிடம் சேர்ந்து பையை இறக்கிவிட வேண்டும். காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும். மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை புறப்படுவது நல்லது.

3. பையில் என்னென்ன?

ஒருவருக்கு ஒரு பை என்பது முதல் விதி. தோளில் மாட்டி அரைமணி நேரம் நடக்க முடியாத பை, அளவுக்கு மீறிய பை.

காமிராவுக்கு: ஒரு காமிரா அல்லது கைபேசி, உபரி மின்கலம், சார்ஜர், உபரி மெமரி கார்டு, மென்மையான பருத்தித் துணி இரண்டு, சிறிய முக்காலி. முக்காலி இல்லையென்றால் ஒரு துணிப்பையில் அரிசி கட்டிக்கொள்ளுங்கள். பாறைமேலோ வண்டிச் சன்னலிலோ வைத்து அதன்மேல் காமிராவை அசையாமல் நிறுத்தலாம். திரும்பும்போது அந்த அரிசி சோறாகிவிடும்!

உடலுக்கு: விரைவில் உலரும் உடை இரண்டு செட், மழைக்கோட்டு, தொப்பி, நனைந்தாலும் வழுக்காத செருப்பு, டார்ச், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், மணல் ஈக்கடிக்குத் தேங்காயெண்ணெய். பயணத்தில் வாந்தி வருவோருக்கு எலுமிச்சம்பழமும் இரண்டு காலிப்பைகளும்.

காகிதம்: எல்லோருடைய அடையாள அட்டையும் அவற்றின் நகல்களும். சோதனைச் சாவடியில் படிவம் நிரப்பும்போது தேவைப்படும்.

4. உப்பும் ஈரமும்

நம் தீவில் காமிராவுக்கு முதல் எதிரி திருடன் அல்ல, ஈரம். என் பழைய லென்ஸ் ஒன்றை ஒரு மழைக்காலம் முழுவதும் தோலுறையில் பூட்டி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று அன்று தெரியாது.

எனவே, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு அதில் காமிராவை வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும். கடற்கரையிலிருந்து திரும்பியதும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். வெறும் உலர்துணியால் தேய்த்தால் உப்புத்தூள் கண்ணாடியைக் கீறிவிடும். குளிர்சாதன அறையிலிருந்து வெளியே வந்ததும் காமிராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், பனி படியும். அரைமணி பொறுங்கள்.

5. செலவு

தனி வண்டி அமர்த்தினால் செலவில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அரசுப் பேருந்து மிகச் சிக்கனம். அல்லது இரண்டு குடும்பங்கள் சேர்ந்து ஒரு வண்டி எடுக்கலாம். நோட்டில் ஐந்து தலைப்பு போடுங்கள்: போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு, நுழைவு மற்றும் படகு, அவசரம். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அவசரத்துக்கு ஒதுக்கி, அதைத் தனி உறையில் வீட்டம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். முதல் நாளுக்குப் புளிசோறும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டிக்கொண்டால் ஒரு நாள் ஓட்டல் செலவு மிச்சம்.

6. பைக்குள்ளேயே இருக்க வேண்டிய காமிரா

இனிச் சொல்லப்போவதுதான் இப்பாடத்தின் மையம். ஜிர்காடாங்குக்கு அப்பால் சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா மக்களின் காடு. குறித்த நேரங்களில் மட்டும் காவல் துணையோடு வண்டிகள் வரிசையாக விடப்படும். வழியில் நிற்கக்கூடாது, முந்தக்கூடாது, அவர்களுக்கு உணவு கொடுக்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி மீறினால் சிறைத்தண்டனை உண்டு. 2012-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது.

சட்டத்துக்கு அஞ்சி மட்டுமா? வரலாற்றைப் பாருங்கள். 1890-களில் போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி அந்தமான் பழங்குடியினரை நிறுத்தி வைத்து, அளவெடுத்து, நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். பிரிட்டிஷ் மியூசியத்துக்குத் தொகுதிகள் தயாராயின. படங்கள் பத்திரமாக இருக்கின்றன. மக்கள்? கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். வெளியார் கொண்டுவந்த நோய்களே அவர்களைப் பெரும்பாலும் அழித்தன. ஜாரவா மக்களிடையேயும் 1999-இல் தட்டம்மை பரவியது. அவர்கள் பகுதியில் சாலையை மூட வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2002-இல் ஆணையிட்டது. ஆயினும் போக்குவரத்து நிற்கவில்லை.

பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்து குடியேறியவர்கள் நாம். நம் வீட்டு முற்றத்தில் யாரோ வந்து நின்று, கேளாமல் நம் பிள்ளைகளைப் படமெடுத்தால் பொறுப்போமா? அந்தச் சாலையில் போகும்போது நாம்தான் அடுத்தவர் முற்றத்தில் இருக்கிறோம். ஆகவே ஜிர்காடாங்குக்கு முன்பே எல்லாக் காமிராக்களையும், கைபேசிகளையும் சேர்த்து, பெரிய பையின் அடியில் வைத்துக் கட்டிவிடுங்கள். பெரியவர்கள் தங்களுடையதை முதலில் போட்டால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் போடுவார்கள்.

பாதுகாப்புத் துறை இடங்களையும் படமெடுக்கலாகாது. முட்டையிடும் ஆமைமேல் பிளாஷ் அடிக்கலாகாது. முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள ஓடைக்கரையில் படத்துக்காக இறங்கலாகாது. பவளத்தை வீட்டுக்கு எடுத்து வரலாகாது.

7. ஒத்திகை

புறப்படும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோடு ஹாரியட் மலைக்குப் போய் வாருங்கள். 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் மாற்றப்பட்ட, நம் தலைக்குமேல் நிற்கும் அதே மலைதான். போகும் வழியில் நார்த் பே கலங்கரை விளக்கம் தெரியும். பழைய சிவப்பு நிற இருபது ரூபாய்த் தாளின் பின்புறம் இருக்கும் காட்சி அதுவே. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே கோணத்தைத் தேடச் சொல்லுங்கள். எந்தப் பொருளைத் தேடினீர்கள், எதைத் தொடவே இல்லை என்று வீடு திரும்பியதும் குறியுங்கள். தொடாததை எடுத்து வைத்துவிடுங்கள்.

பயிற்சி

1. உங்கள் பையின் பட்டியலை எழுதி எடை போடுக. அதில் கால் பங்கைக் குறைக்க எதை விடுவீர்கள்?
2. சென்னையில் மாலை 6.10-க்குச் சூரியன் மறையும் நாளில் இங்கு ஏறக்குறைய எப்போது மறையும்?
3. படமெடுக்காமல் கடந்த அந்த 50 கிலோமீட்டரில் கண்டதையும் கேட்டதையும், திரும்பி வந்தபின், காட்டை மட்டும் பற்றி பத்து வரியில் தமிழில் எழுதுக.

மூன்றாவது கேள்விக்குப் பிள்ளைகளே தாமாக விடை எழுதட்டும். காமிரா மூடியிருக்கும்போதுதான் கண் நன்றாகத் திறக்கிறது என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள். பயணம் இனிதாகுக!